எய்தவள் இருக்க

எங்கள் பக்கம் சமதரை என்று ஒன்று
செக்போஸ்ட்டில் மட்டும்தான் உண்டு.
மற்றதெல்லாம் தேயிலை, சரிவு, மறுபடி தேயிலை.
பிரேக் போட மறந்தால் என் நாற்காலி
யாரையும் கேட்காமல் ஓடைக்குப் போய்விடும்.
ஒருமுறை போயிருக்கிறது.
நல்லவேளை, அன்று நான் அதில் இல்லை.

அதனால் தாளூரில்,
லாரியை நிறுத்தி வாழைக்குலையும் கோழிக்கூண்டும் எண்ணுகிற
தார்த்தரையின் ஓரத்தில்
ஞாயிறு மூன்று மணிக்கு மேல்
வில் பழகினேன்.

வில் கேளு செய்தது.
முள்ளுக்குறும்பன், என் வயசுதான்.
நாங்கள் பறித்த கொழுந்தை எடைபோட்டவன்,
ஒரு கிலோகூடக் குறைத்து எழுதாதவன்.
பேர்தான் கேளு.
எந்தப் பாறை, எப்படி வழுக்கியது, இனி நடப்பாயா திலகேஸ்வரி
என்று ஊரே கேட்டதில் ஒன்றையும் அவன் கேட்கவில்லை.
கேட்டது இவ்வளவுதான்:
"உட்கார்ந்தால் தோளிலிருந்து தரைக்கு எவ்வளவு?"
அளந்தோம்.
இரண்டு முழம், ஒரு சாண்.

மூங்கில் வில். நாணும் மூங்கில் நார்தான்.
நின்று எய்கிறவர்களுக்கென்று
ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.
முதல் நாள் இழுத்து விட்டேன்.
கீழ்நுனி இடது சக்கரத்தில் அடித்து
கம்பி இரண்டு தெறித்தது.
அம்பு என் கால்பலகையைத் தாண்டவில்லை.
ரசீது எழுதுகிற பையன் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
நாண் அறுந்தால் வேறு திரித்துக்கொள்ளலாம்.
மற்ற நாண் எனக்கு ஆஸ்பத்திரியிலேயே அறுந்தது,
முதல் மூத்திரப்பையோடு.

சக்கரத்தைச் சின்னதாக்கலாம் என்றான் வெல்டிங் ஷிபு.
வில்லைப் படுக்கப் பிடி என்றார் வன இலாகா வாட்சர்.
படுக்கப் பிடித்தேன், அம்பு கோழி லாரியைத் தேடிப் போயிற்று.
சேச்சி, கேரம் ஆடலாமே என்றாள் டீக்கடை லில்லிக்குட்டி.

கேளு வில்லை எடுத்துக்கொண்டு போனான்.
கீழ்ப்பக்கம் ஒரு சாண் அறுத்தான்.
அறுத்த பக்கம் விறைத்துக்கொண்டது.
கண்ணாடிச் சில்லால் சுரண்டுவான், வளைத்துப் பார்ப்பான்,
திரும்பச் சுரண்டுவான்.
மூன்று ஞாயிறு போயிற்று.
மேலே நீளம், கீழே குட்டை,
பிடி நடுவில் இல்லை.
இதுவும் ஒரு வில்லா என்று அவன் அண்ணனே கேட்டானாம்.
நடுவில்தான் பிடிக்க வேண்டும் என்று
மூங்கிலுக்கு யார் சொன்னது?

அடுத்து என் உடம்பு.
மார்புக்குக் கீழே எனக்கு ஆள் இல்லை.
நாணை இழுத்தால் நானும் கூடவே சாய்ந்தேன்.
பரணில் கிடந்த கொழுந்துக்கூடையின் நெற்றிக்கயிற்றை எடுத்து
மார்பையும் நாற்காலி முதுகையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.
பதினோரு வருஷம் என் தலையைப் பின்னால் இழுத்த கயிறு.
அதற்குப் பழக்கமான வேலைதான்.
இடது கைப்பிடியை ஷிபு அறுத்துத் தந்தான்.
காசு வாங்கவில்லை,
இரும்பை மட்டும் வைத்துக்கொண்டான்.

நாற்பதடியில் வாழைத்தண்டு.
அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப்பக்கம் கேரளம்.
இழுத்தேன்.
காது வரை வந்தது, முதல்முறையாக.
சக்கரம் சும்மா இருந்தது.
அம்பு தண்டைப் பார்க்காமலே
மேலே போயிற்று, ஓடைக்கும் மேலே,
பெர்மிட் இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து
அந்தப்பக்கத்து எக்சைஸ்காரர் ஒருவர்
அம்பைக் கையில் பிடித்தபடி
பாலம் சுற்றி வந்தார்.
கேளுவைப் பார்த்தார். ஷிபுவைப் பார்த்தார்.
ரசீதுப் பையனைக்கூடப் பார்த்தார்.
"ஆரா எய்தது?"
வில் என் மடியில்தான் கிடந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
"எய்தவள் இருக்கிறேன் சார்" என்றேன்.
இருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அவருக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ.
கயிற்றைப் பார்த்தார், குட்டைப் பக்கத்தைப் பார்த்தார்,
அம்பை நீட்டினார்.
பலாவில் குத்தி நின்றதாம்.
நுனியெல்லாம் பால்.

துடைத்தும் போகவில்லை.
தேங்காயெண்ணெய் எடுத்துவர லில்லிக்குட்டி ஓடினாள்.
அவள் வருவதற்குள் ஒன்று விட்டுப் பார்க்கலாம் என்று
தொடுத்தேன்.
விரலை விட்டுப் போக
அந்த அம்புக்கு
மனசே இல்லை.